வேலைக்கு முந்தைய வாரம்: லக்னோ

டிசம்பர் 26, சார்பாக் ரயில் நிலையம்

ஜான்சி வரைக்கும் ரயில் ஒழுங்காகத்தான் வந்தது. அதற்கு மேல் மாட்டுவண்டிதான். ஜன்னலுக்கு வெளியே யாரோ வெள்ளை வேட்டியைக் கட்டி மறைத்த மாதிரி பனிமூட்டம். பக்கத்துத் தண்டவாளம்கூடத் தெரியவில்லை. பத்து நிமிடம் நகரும், அரை மணி நிற்கும். மாலை நாலு மணிக்கு லக்னோவில் இறங்க வேண்டியவள், இறங்கியபோது ராத்திரி ஒன்றே முக்கால். யாரைக் குறை சொல்ல? டிசம்பர் கடைசியில் வடக்கே வருகிறவர்கள் கால அட்டவணையை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் போல.

எதிர் இருக்கையில் ஒரு கான்பூர் அம்மா. விளக்கை அணைக்கும் முன் என்னிடம் கேட்டார். சார்ஜரைப் பிடுங்கும் முன் கேட்டார். பூரிப் பொட்டலத்தைப் பிரித்ததும் முதல் பூரி எனக்குத்தான் வந்தது, உருளைக்கிழங்கும் மிளகாய் ஊறுகாயும் வைத்து. இறங்கும்போது என் தலையைப் பார்த்துவிட்டு, "காதை மூடிக்கொள்ளுங்கள், குளிர் காது வழியாகத்தான் ஏறும்" என்றார். எங்கள் அம்மா சொல்வதும் அதேதான். அம்மா இன்னும் கொஞ்சம் கூடச் சொன்னார்: "குளுருல வெறச்சுப் போயிருவ கண்ணு, மூணு மாசச் சம்பளத்துக்கு இது தேவையா?"

விஷயம் இதுதான். திருப்பூரில் பதினாலு வருஷமாக பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். லக்னோவில் சிகன் பூவேலை செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் இடத்தில், தரம் பார்க்கும் பெண் பேறுகால விடுப்பில் போகிறார். மூன்று மாதம் அந்த நாற்காலியில் நான். ஜனவரி 2 அன்று சேர வேண்டும். ஒரு வாரம் முன்னாடியே கிளம்பிவிட்டேன். குளிர் பழகட்டும் என்று வீட்டில் சொன்னேன். நிஜக் காரணம் வேறு. இதுவரை வெளியூர் போனதெல்லாம் கல்யாணம், கோயில், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. காரியம் எதுவும் இல்லாமல் ஓர் ஊரில் சும்மா சுற்ற ஆசை.

அந்த நேரத்தில் ஆட்டோ தேடப் பயமாக இருந்தது. பெண்கள் காத்திருப்பு அறையில் எல்லாரும் கம்பளி மூட்டைகளாகக் கிடந்தார்கள். எந்த மூட்டையில் தலை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஒரு மூட்டை கண்ணைத் திறக்காமலே நகர்ந்து பெஞ்சில் ஒரு முழம் இடம் விட்டது. விடியும்வரை அங்கேதான். ஐந்து மணிக்கு மண் குவளையில் இஞ்சி டீ, 15 ரூபாய். டீயைவிட அந்தக் குவளையின் சூடுதான் பெரிது. குடித்து முடித்தும் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

வெளிச்சம் வந்த பிறகு வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால், ரயில் நிலையமா அரண்மனையா என்று தெரியாத ஒரு சிவப்புக் கட்டடம். பனிக்குள்ளிருந்து கூம்பும் கலசமும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 1916 டிசம்பரில், இந்த ஊரில் காங்கிரஸ் மாநாடு நடந்த சமயத்தில்தான் நேரு முதன்முதலாகக் காந்தியைச் சந்தித்தார். அவர்களும் இந்தக் குளிரில்தான் நின்று பேசியிருப்பார்கள். காந்தி என்ன போர்த்தியிருந்தார் என்று மட்டும் ஒரு யோசனை வந்தது.

டிசம்பர் 27, டாலிகஞ்ச்

அறை கோமதி ஆற்றுக்கு வடக்கே, டாலிகஞ்ச் பக்கம், ஒரு வீட்டின் மாடியில். மாதம் 7,500. வீட்டுக்காரப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். படியேறி வந்து, கதவுக்கு ரெண்டடி தள்ளி நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார். அவருடைய வீடு அது!

காலையில் முதல் அதிர்ச்சி தேங்காய் எண்ணெய். பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு இறங்கவில்லை. வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி உறைந்து கிடக்கிறது. ஊரில் மார்கழியில் கொஞ்சம் கெட்டிப்படும், வெயிலில் வைத்தால் இளகிவிடும். இங்கே வெயிலுக்கு எங்கே போவது? கைப்பேசி 7 டிகிரி என்றது. பாட்டிலை ஸ்வெட்டருக்குள் இடுக்கிக்கொண்டே பல் தேய்த்தேன்.

இரண்டாவது அதிர்ச்சி கீசர். சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு அழகாக எரிகிறது, தண்ணீர் மட்டும் ஐஸ். பெரியவரிடம் சொன்னதும் பதறிப்போனார். நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். "இன்றைக்கே ஆகிவிடும்" என்றார். இவ்வளவு மரியாதையாக ஒரு கீசரைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் ரஜாய். அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வை. எங்கள் லைனில் ஓவர்லாக் ஓட்டும் பாராபங்கிப் பையன், கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தான்: "அக்கா, கம்பளி எல்லாம் ஆவாதுங்க. ரஜாய் தச்சு வாங்கிக்கோங்க." பாராபங்கி லக்னோவுக்கு அடுத்த மாவட்டம். அவன் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

கடை என்றால் ஒரு சின்னக் கூடம். மூலையில் பஞ்சு கொட்டும் மெஷின் இரைகிறது, காற்றெல்லாம் தும்பு. பஞ்சுத் தும்பு எனக்குப் புதுசா? மூக்கு உடனே ஊர் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. தாடி வைத்த ஒரு முதியவர் இரண்டு கிலோ பஞ்சை நிறுத்தார். சிவப்பு உறையை உள்பக்கம் வெளியே வரும்படி தரையில் விரித்தார். அதன்மேல் பஞ்சைப் பரப்பி, ஒரு மெல்லிய குச்சியால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார். பிறகு, ஒரு முனையிலிருந்து பாய் சுருட்டுகிற மாதிரி உறையைப் பஞ்சோடு சேர்த்துச் சுருட்டினார். திறந்த வாய்க்குள் கையை விட்டு ஒரு திருப்பு. அவ்வளவுதான், சிவப்பு வெளியே வந்துவிட்டது, பஞ்சு உள்ளே போய்விட்டது. ஒரு கொத்துப் பஞ்சுகூடத் திரளவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

தையல் அதற்கு மேல். விரல் நீள ஊசி, தடித்த வெள்ளை நூல். ரஜாயின் மேலேயே குந்தி உட்கார்ந்து, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்தார். பழக்கதோஷம், நான் தையலுக்குத் தையல் இடைவெளியைக் கண்ணால் அளந்தேன். எல்லாம் ஒரே அளவு. அளவுநாடா கிடையாது, சாக்பீஸ் கோடு கிடையாது. அவர் அதைக் கவனித்துவிட்டார். "நீங்களும் கைத்தொழில்காரரா?" என்று கேட்டார். "செக்கிங்" என்றேன். சிரித்துக்கொண்டே ரஜாயை என் பக்கம் தள்ளிவிட்டார், பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒரு குறை கிடைக்கவில்லை. கிடைக்காதது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பஞ்சு, உறை, கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். இரண்டு மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, நடுவில் டீயும் வாங்கிக் கொடுத்தார். அந்த டீக்கு மட்டும் காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

டிசம்பர் 28, சௌக்

ரஜாய்க்குள்ளிருந்து வெளியே வருவதற்கு ஒரு தனி மனவுறுதி வேண்டும். ஆறரைக்கு அதைத் திரட்டிக்கொண்டு சௌக்குக்குப் போனேன். பழைய லக்னோவின் கடைத்தெரு அது. அங்கே கோல் தர்வாஜா என்ற வளைவு வாசல் பக்கம் குளிர்காலத்தில் மட்டும், காலையில் மட்டும், மக்கன் மலாய் விற்பார்கள்.

தட்டில் மஞ்சள் மேகத்தைக் குவித்து வைத்தது போல இருந்தது. சின்னக் கிண்ணம் 50 ரூபாய். ஸ்பூனில் எடுத்தால் கனமே இல்லை. வாயில் போட்டால் அது இருந்த தடம் மட்டும் நிற்கிறது: பால், குங்குமப்பூ, கொஞ்சம் இனிப்பு. மென்று பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் போய்விட்டது. காய்ச்சிய பாலை ராத்திரி முழுக்கத் திறந்த வெளியில் பனியில் வைத்து, விடியற்காலையில் கடைந்து, பொங்கும் நுரையை மட்டும் வழித்து எடுப்பார்களாம். வெயில் ஏறினால் நுரை அமுங்கிவிடும். அதனால்தான் காலையிலேயே கடையைக் கட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு கிண்ணம் கேட்டேன். விற்றவர் எங்கள் தாத்தா வயது. நான் கேட்ட இந்தி இது: "தும் ஏக் அவுர் தோ." அவர் "ஜீ, அபீ லீஜியே" என்று சொல்லி அதே சிரிப்போடு கொடுத்தார். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால் ஒன்று சொல்லலாமா என்று கேட்டாள். சொல்லுங்கள் என்றேன். "தீதி, இங்கே நாங்கள் சின்னக் குழந்தையைக்கூட 'ஆப்' என்றுதான் கூப்பிடுவோம்" என்றாள். ஆப் என்றால் நீங்கள். நான் கேட்டதோ 'தும் தோ', நீ கொடு. அவள் அதைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வெட்கப்படாமல் இருக்க வேண்டுமே என்று மலாயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குக் காது சுட்டது. லக்னோவுக்கு வந்ததிலிருந்து உடம்பில் சூடான முதல் இடம் அதுதான்.

நான் கொங்குநாட்டுக்காரி. பஸ் கண்டக்டரை "ஏனுங்க" என்போம். கட்டின புருஷனிடம் சண்டை போட்டாலும் "போங்க நீங்க" என்றுதான் சண்டை. மரியாதையில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஓர் எண்ணம் எப்போதும் உண்டு. அப்படிப்பட்ட நான், தாடி நரைத்த ரஜாய்க்காரரை நேற்று இரண்டு மணி நேரம் நீ, வா, போ என்று பேசியிருக்கிறேன். அவர் கடைசிவரை ஆப், ஆப் என்றே பதில் சொல்லியிருக்கிறார். டீ வேறு.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இந்தி எனக்கு எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் என்று எங்கள் கம்பெனிக்கு வந்த பையன்களிடம் வேலை வாங்க வாங்க ஒட்டிக்கொண்ட இந்தி. எனக்குத் தெரிந்த வாக்கியங்களை மனசுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். ஜல்தி கரோ. இதர் ஆவ். யே கலத் ஹை. ஃபிர் ஸே கரோ. சுட்டி நஹீன். சீக்கிரம் செய், இங்கே வா, இது தப்பு, மறுபடி செய், லீவு கிடையாது. என் இந்தி முழுக்க ஏவல் வினை.

மத்தியானம் சிகன் துணிக் கடைச் சந்துகளில் நடந்தேன், வேலைக்கும் உதவும் என்று. துணியில் முதலில் மரக்கட்டை அச்சால் நீலத்தில் பூ ஒற்றுகிறார்கள். அந்தக் கோட்டின் மேல் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் வெள்ளை நூலால் வேலை செய்கிறார்கள். கடைசியில் சலவையில் நீலம் போய்விடும், பூ நிற்கும். அரிசிமணி மாதிரி இருப்பது முர்ரி. தினை மாதிரி உருண்டையாக இருப்பது ஃபந்தா. ஜாலி என்று ஒன்று: நூலை வெட்டாமல் ஊசியால் விலக்கி விலக்கியே வலைக்கண் போலத் துளை உண்டாக்குகிறார்கள். துணியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் விலை சொல்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பின்புறம் பார்க்கிறவர்கள் வாங்க வந்தவர்கள் அல்ல என்று எந்த ஊர்க் கடைக்காரருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த குர்த்தாவை அவரே திருப்பிக் காட்டினார்.

சாயங்காலம் திரும்பியதும் கீசர். "இன்றைக்கு மிஸ்திரி வர வேண்டியது. நாளை உறுதியாக" என்றார் பெரியவர். கூடவே ஒரு தட்டு வேர்க்கடலை.

டிசம்பர் 29

ஒன்றும் செய்யவில்லை. நாள் பூராவும் பனிமூட்டம். எதிர்வீட்டு மாடி இருக்கிறதா இல்லையா என்றே மத்தியானம் வரை தெரியவில்லை. இருபத்தேழாம் தேதி துவைத்துப் போட்ட சுடிதார் இன்னும் காயவில்லை. மோந்து பார்த்தால் நாய் நனைந்த வாசம். கையுறை போட்டால் கைப்பேசி கேட்க மாட்டேன் என்கிறது, கழற்றினால் விரல் கேட்க மாட்டேன் என்கிறது.

இருட்டின பிறகு பால் வாங்கப் போனேன். முக்கில் விறகு போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். அலாவ் என்கிறார்கள் அதை. ரிக்‌ஷாக்காரர்கள், ஒரு போலீஸ்காரர், டியூஷன் முடிந்த ரெண்டு பையன்கள், நாலு நாய். நான் பக்கத்தில் போனதும் வட்டம் தானாகப் பெரிதானது. எந்த ஊர், என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. இருபது நிமிடம் பாலை மறந்து உள்ளங்கையையும் புறங்கையையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கீசர்: நாளை.

டிசம்பர் 30, பெரிய இமாம்பாடா

இ-ரிக்‌ஷாவில் ஏறும் முன் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். "ஆப் இமாம்பாடா சலேங்கே?" ஓட்டுநர் பையனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. "ஜீ, தஷ்ரீஃப் ரக்கியே" என்றான். எழுந்தருளுங்கள் என்கிற மாதிரி! ஷேர் ரிக்‌ஷாவுக்கு, இருபது ரூபாய்க்கு, இந்த வரவேற்பு. ஏறி உட்கார்ந்ததும் சந்தில் குறுக்கே வந்த ஸ்கூட்டர்காரரை அவன் திட்டினான். அந்தத் திட்டிலும் 'ஆப்' இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இமாம்பாடா என்றால் ஷியா முஸ்லிம்கள் முஹர்ரம் துக்கத்துக்குக் கூடும் மண்டபம். பெரிய இமாம்பாடா 1784-இல் நவாப் ஆசஃப்-உத்-தௌலா ஆரம்பித்த கட்டடம். அப்போது கடும் பஞ்சம். ஜனங்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று கட்டியது. பகலில் ஏழைகள் கட்டுவார்கள், ராத்திரியில் நொடித்துப்போன பெரிய வீட்டுக்காரர்கள், முகம் தெரியாத இருட்டில் வந்து கட்டியதை இடிப்பார்களாம், அவர்களுக்கும் கூலி வேண்டுமே என்று. கதையோ நிஜமோ, வழிகாட்டி அதைச் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். பசித்தவனுடைய மானத்தையும் காப்பாற்ற நினைத்த கதை இது. இந்த ஊர்க்காரர்கள் அதை ஏன் விடாமல் சொல்கிறார்கள் என்று புரிந்தது.

நடுக்கூடம் சுமார் 50 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். உத்திரம் கிடையாது, இரும்பு கிடையாது, நடுவில் ஒரு தூண் கிடையாது. மெல்லிய லக்கோரிச் செங்கலும் சுண்ணாம்புமாக வளைந்து நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தத் தரை! ஐஸ் பாளத்தின் மேல் நடக்கிற மாதிரி. இரண்டு காலுறை போட்டிருந்தும் குதிகால் மரத்துவிட்டது. வழியில் யாரோ சிந்திய தண்ணீரை வேறு மிதித்துத் தொலைத்தேன். மீதிச் சரித்திரம் முழுக்க ஈரக் காலுறையோடுதான் கேட்டேன்.

மேலே பூல் புலையா, வழி மயக்கும் சந்துகள். ஏறுகிறோம் என்று நினைத்தால் இறங்குகிறோம். ஒரே மாதிரி வாசல்கள். ஆள் ஒருவர் மட்டும் போகும் அகலம். வழிகாட்டி என்னைக் கூடத்தின் மேல்மாடத்தில் ஒரு முனையில் நிறுத்திவிட்டு மறுமுனைக்குப் போய் ஒரு தீக்குச்சியைக் கிழித்தார். காதுக்குப் பக்கத்தில் கிழித்த மாதிரி கேட்டது. அடுத்து ஒரு தாளைக் கிழித்தார். எனக்கு அது துணி கிழிகிற சத்தமாகத்தான் கேட்டது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன், எந்த பீஸ் டேமேஜ் ஆயிற்று என்று.

வெளியே ரூமி தர்வாஜா. பாதி விரிந்த பூவை நிமிர்த்தி வைத்தது போன்ற வாசல். அதைப் பார்த்தபடி இளஞ்சிவப்பு நிறத்தில் காஷ்மீரி டீ குடித்தேன், மேலே பாலேடு போட்டு. டீ என்று சொன்னால் எங்கள் ஊர் டீக்கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். குங்குமப்பூப் பாலுக்குச் சித்தப்பா மகன் என்று வேண்டுமானால் சொல்லலாம். நன்றாகவே இருந்தது.

ராத்திரி அமீனாபாதில் கலௌட்டி கபாப். ஆட்டுக்கறியா என்று கேட்டேன். பரிமாறிய பையன், 'படே கா'வும் இருக்கிறது, மட்டனும் இருக்கிறது என்றான். படே கா என்றால் பெரியதினுடையது, எருமை. மாட்டை மாடு என்று சொல்வதில்கூட ஒரு நாசூக்கு. மட்டன் வாங்கினேன். பல்லே தேவையில்லை, நாக்கும் மேலண்ணமும் போதும்.

டிசம்பர் 31, மாடியும் ஹஜ்ரத்கஞ்சும்

வெயில்! பதினொன்றரைக்கு வந்தது. வந்த அடுத்த நிமிடம் தெரு முழுக்க எல்லா மாடியிலும் கட்டில், நாற்காலி, பாய், தாத்தா, பாட்டி, கைக்குழந்தை. ஏப்ரல் மாதம் நாங்கள் மழையைப் பார்த்து வெளியே ஓடிவருகிற மாதிரி. வெயிலைத் திட்டித்தான் எங்களுக்குப் பழக்கம். ஒரு ஊரே எழுந்து அதற்கு வரவேற்பு கொடுத்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

வீட்டுக்கார அம்மா முறம் நிறையப் பச்சைப் பட்டாணியோடு மேலே வந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன். ஒன்று உரித்தால் இரண்டு மணி வாய்க்குப் போகிறது, அவ்வளவு இனிப்பு. அவர் நான் பேசுவதைத் திருத்தவில்லை. நான் சொன்னதையே சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே பேசுவார், அவ்வளவுதான். நான் 'தோ' என்றால் அவர் 'தீஜியே' என்பார். 'ஆவ்' என்றால் 'ஆயியே'. ஒரு கிலோ பட்டாணி முடிவதற்குள் ஆறு வினைச்சொல் கற்றுக்கொண்டேன். தன்னைப் பற்றிச் சொல்லும்போது நான் என்று சொல்வதில்லை, 'ஹம்', நாம் என்றே சொல்கிறார். "நாம் தலைவலியால் ராத்திரி தூங்கவில்லை" என்றதும் பெரியவருக்கும் தலைவலியோ என்று கேட்டுவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்போடு சிரிப்பாக கீசரைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்தி, சுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "மிஸ்திரி சொந்த ஊருக்குப் போயிருக்கிறார். ஜனவரி ஐந்துக்கு மேல்தான் வருவார்." பெரியவருக்கு இது முதல் நாளே தெரியுமாம். உங்கள் முகத்தைப் பார்த்து முடியாது என்று எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தாராம். நாலு நாள் ஐஸ் தண்ணீரில் குளித்த எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் ஊர் வீட்டுக்காரராக இருந்தால், "ஆவாதுங்க, ஆளில்லீங்க" என்று முதல் நாளே முடித்திருப்பார். அதிலும் 'ங்க' உண்டு. கடைத்தெருவில் 650 ரூபாய்க்கு ஒரு வாட்டர் ஹீட்டர் கம்பி வாங்கி வாளியில் போட்டேன். மத்தியானம் அந்த அம்மா தஹரி அனுப்பினார்: காலையில் உரித்த பட்டாணி, காலிஃபிளவர், உருளைக்கிழங்கு போட்டு மஞ்சளாகச் சமைத்த சோறு, மேலே நெய். அதைச் சாப்பிட்டபோது கோபம் போனது. முழுக்கப் போகவில்லை, முக்கால்வாசி.

சாயங்காலம் ஹஜ்ரத்கஞ்ச் கடைவீதி. ஒரே மாதிரி பெயர்ப்பலகைகள், பழைய பாணி விளக்குக் கம்பங்கள், புது வருஷக் கூட்டம். இங்கே சும்மா நடப்பதற்கே 'கஞ்சிங்' என்று பெயர். கடலை விற்றவர் "கஞ்சிங் செய்ய வந்தீர்களா?" என்று கேட்டபோது, நான் கஞ்சி எங்கே கிடைக்கும் என்று கேட்கப் பார்த்தேன். கருங்கேரட் அல்வா ஒரு கடையில் கண்ணில் பட்டது. தார் மாதிரி கறுப்பு. பார்த்தால் சாப்பிடத் தோன்றாது, சாப்பிட்டால் நிறுத்தத் தோன்றாது. பன்னிரண்டு மணி வரை நிற்கவில்லை. ஒன்பதரைக்கெல்லாம் ரஜாய்க்குள் போய்விட்டேன்.

ஜனவரி 1, ரெசிடென்சி

ஆங்கிலேயரின் பிரதிநிதி குடியிருந்த மாளிகை வளாகம். 1857 கிளர்ச்சியில் மாதக்கணக்கில் முற்றுகைக்குள் கிடந்த இடம். கூரையில்லாத சுவர்கள், சுவர் முழுக்கக் குண்டு பாய்ந்த குழிகள். முற்றுகைக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் இங்கே ராத்திரியிலும் கொடியை இறக்காமல் 1947 வரை பறக்கவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் புல்வெளியில் குடும்பம் குடும்பமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறார்கள். பீரங்கிக் குழி ஒன்றில் யாரோ குழந்தையின் குல்லாயைக் காயவைத்திருந்தார்கள்.

வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, பாராபங்கிக்காரருக்கு போன் போட்டேன். ரஜாய்க்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு சாக்கு. ஒன்பது வருஷமாக எங்கள் லைனில் இருக்கிறார். வாக்கியத்தைக் காலையிலேயே வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். எடுத்ததும் ஒரே மூச்சில் சொன்னேன்: "நயா சால் முபாரக் ஹோ. ஆப் கைஸே ஹைன்?" புது வருஷ வாழ்த்து, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பின்னால் பவர் டேபிள் தையல் மெஷின்கள் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"அக்கா," என்றார், குரலில் பயத்தோடு, "ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். நம்பவில்லை. வேலை போய்விட்டதா, பர்ஸ் தொலைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, இல்லை என்றேன்.

"சாப்ட்டீங்களாக்கா? குளுரு தாங்குதுங்களா? எங்கூருல இருந்து பஸ்சுல ஒரு மணி நேரந்தானுங்க. எங்கம்மாகிட்ட சொல்லி ஸ்வெட்டரு குடுத்துவுடச் சொல்லட்டுங்களா?"

அப்புறம் சூப்பர்வைசர் வருகிறார் என்று சொல்லி, "வெச்சறட்டுங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

நாளைக்கு எட்டரைக்கு வேலை. எண்ணெய் பாட்டிலை ரஜாய்க்குள் போட்டுவிட்டுப் படுக்கிறேன்.